பாட்டியின் பழைய காஞ்சிப் பட்டுப் புடவைகளை எப்படிப் பாதுகாப்பது?

நான் நிபுணர் இல்லை. ஒன்றைக் கெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் பாட்டியின் 18 முழப் பட்டு, பாலும் பழமும் கட்டம். மடித்தது மடித்தபடி 10 வருஷத்துக்கு மேல் பீரோவில் கிடந்தது. ஆசையாகப் பிரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு போட்டதுபோல் கிழிந்தது. பூச்சியும் இல்லை, ஈரமும் இல்லை. மடிப்புதான் எமன்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள். ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம், ஜரிகையின் கனமே பட்டை இழுத்துவிடும். பிட்னி போட்ட புடவை என்றால், முந்தானையின் பாவு நூலை, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலை, உடலின் பாவு நூலோடு இழை இழையாகக் கோத்த இடத்தில் சுருங்கினாற்போல் ஒரு பட்டை தெரியும். நெசவுக் குறை என்று நினைக்காதீர்கள், கைவேலைக்கு அதுதான் சாட்சி. அங்கே மட்டும் மடிப்பு விழவே கூடாது.

அடுத்து ஜரிகை. பழைய அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது, கறுத்துவிடும். ரப்பர் பேண்டைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும், செய்தித்தாளும் வேண்டாம். பல தடவை துவைத்து நைந்த பருத்தி வேட்டிதான் நல்ல உறை. அந்துருண்டை ஜரிகைமேல் படக் கூடாது. என் அம்மா வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து ஓரமாக வைப்பார். கறுத்த ஜரிகையைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், இருக்கிற முலாமும் போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து தெருவில் வரும். ‘பழைய பட்டுப் புடவை வாங்குறோம்’ என்று வருகிறவர்களுக்குப் புடவை முக்கியமில்லை. ஜரிகையை எரித்து வெள்ளியை எடுப்பதுதான் கணக்கு. எங்கள் பெரியம்மாவின் கல்யாணப் புடவை, இருதலைப்பட்சி முந்தானை, அப்படித்தான் எடைக்குப் போனது. கல்யாண போட்டோ கறுப்பு வெள்ளை. என்ன நிறம் என்பதில் அக்கா தங்கைகளுக்குள் இன்னும் சண்டை!

எனவே முதல் வேலையாகக் கரை, முந்தானை, உடல் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். யாருடையது, எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று எழுதி வையுங்கள். கிழிந்ததைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் நெசவுப் பிரிவு, பழைய புடவைகளின் வடிவங்களைப் பார்த்துத்தான் மறுபடி நெய்ய வைத்தது. என் பாட்டி புடவையும் இருக்கிறது. இப்போது மடிப்பதில்லை, வேட்டி சுற்றிய பிவிசி குழாயில் சுருட்டி வைத்திருக்கிறேன்.