கிளைடர் ஏன் தானாக ஓடுகிறது?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு இரண்டு மீட்டர் ஏர் டிராக் (துளைகள் வழியாக வருகிற காற்றில் கிளைடர் என்ற சிறு வண்டி உரசாமல் மிதந்து ஓடும் தண்டவாளம்) வாங்கியிருக்கிறோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில்தான் நிற்கிறது, ஆனால் காற்று ஊதுகிற புளோயரைப் போட்டதும் கிளைடர் தானாக ஒரு பக்கம் போய்விடுகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?
– இயற்பியல் ஆசிரியை, வள்ளியூர்

பதில்: அனுப்ப வேண்டாம் டீச்சர், முதலில் ஃபேனை நிறுத்துங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காற்றில் மிதக்கிற கிளைடரைத் தள்ள நம் மூச்சே போதும். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலை இறக்கையையே சுற்றுகிறது. மேற்கு ஜன்னலையும் சாத்திவிட்டுப் பாருங்கள்.

அப்படியும் ஓடினால் சரிவுதான். ரசமட்டம் கொத்தனாருக்குப் போதும், இதற்குப் போதாது. இரண்டு மீட்டரில் ஒரு முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் குமிழி அசைந்ததே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கிளைடரின் முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் 2000-ல் ஒரு பங்கு வந்துவிடும், அதாவது பத்து வினாடியில் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே கிளைடரையே ரசமட்டமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் ஒரு முனையில் இரண்டு கால், மறுமுனையில் ஒற்றைக் கால் இருக்கும். இரட்டைக் கால் திருகுகளைக் குறுக்குவாட்டு மட்டத்துக்கு மட்டும் தொடுங்கள் (இதற்கு ரசமட்டம் போதும்), நீளவாட்டுக்கு ஒற்றைக் கால் திருகு. கிளைடரை நடுவில் வைத்து, தள்ளாமல் கையை எடுங்கள். எந்தப் பக்கம் போகிறதோ அது தாழ்வு. திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். நின்றதும் கிளைடரை முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடி பார்ப்பது நல்லது, ஏனென்றால் கிளைடரே லேசாகக் கோணியிருந்தால் அதுவும் ஒரு பக்கம் இழுக்கும், அப்போது திருகைத் திருகிப் பயனில்லை.

நடுவில் நின்றுவிட்டது என்று அதோடு விட்டுவிடாதீர்கள். இரு முனைகளுக்குப் பக்கத்திலும் விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கே வந்தால் டிராக் தொய்ந்திருக்கிறது. அதைக் கால் திருகால் சரிசெய்ய முடியாது, சோதனை நடத்துகிற நீளத்தை மட்டும் மட்டமாக்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். போட்டோகேட் (கிளைடர் கடக்கிற நேரத்தை ஒளிக்கற்றையால் அளக்கிற கருவி) இரண்டு இருந்தால் இன்னும் வசதி. இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை, ஏறக்குறைய ஒரே வேகத்தில் தள்ளுங்கள். இரு திசையிலும் வேகம் ஒரே அளவு லேசாகக் குறைந்தால் அது காற்றின் இழுவை, மட்டம் சரி. ஒரு திசையில் அதிகம் குறைந்தால் இன்னும் சரிவு மிச்சம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கல்லூரி டிராக்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிளைடர் உரசி நிற்கிறது. மட்டம் சரியாகத்தான் இருக்கிறது.
– மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த இடத்துத் துளைகள் அடைத்திருக்கும் தம்பி. புளோயரைத் தரையில் வைத்தால் தூசியையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள், ஃபில்டரைத் தட்டிவிடுங்கள். துளையை மெல்லிய கம்பியால் குத்தலாம், ஆணியால் வேண்டாம், துளை பெரிதாகிவிடும். அப்புறம் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். காற்று நின்றிருக்கும்போது கிளைடரை டிராக் மேல் இழுக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், அலுமினியத்தில் விழுகிற கீறலைத் துடைத்து எடுக்க முடியாது.