இடுப்பளவுத் தண்ணீரில்தான் ஒழுகும்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் குடும்பத்தோடு அந்தமான் போகிறாராம், ஹேவ்லாக் தீவில் ஸ்நார்கலிங், அதாவது மூச்சுக்குழாயை வாயில் வைத்து மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது. கையில் ஆக்‌ஷன் கேமரா இருக்கிறது, 10 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. மேலே மிதந்துகொண்டு எடுப்பதற்குத் தனியாக ஹவுசிங் (கேமராவை உள்ளே வைத்து மூடும் தண்ணீர் புகாத கூடு) வேண்டுமா, 400 ரூபாய் பிளாஸ்டிக் பை போதாதா, வாங்கினால் எப்படிப் பராமரிப்பது என்பது கேள்வி.

வாங்கிவிடுங்கள் தம்பி. அந்த 10 மீட்டர் காப்பு எல்லாம் பேட்டரி மூடியில் இருக்கிற நூல் கனத்து ரப்பரை நம்பித்தான் இருக்கிறது, கடற்கரையில் ஒருமுறை அதைத் திறந்து மூடினால் மணல் ஏறிவிடும். ஹவுசிங் போட்டால் இரண்டு சுவர், ஒன்று ஒழுகினாலும் இன்னொன்று நிற்கும். பவளப்பாறையில் லென்ஸ் உரசினாலும் கீறல் ஹவுசிங்கோடு போகும். பை, படகில் ஃபோனுக்குச் சாரல் படாமல் இருக்கச் சரி. தண்ணீருக்குள் டச் ஸ்கிரீன் சொன்னபடி கேட்காது, பையின் சுருக்கம் படத்திலும் விழும்.

கடையில் 40 மீட்டர், 60 மீட்டர் என்று எண்ணைக் காட்டுவார்கள். உங்களுக்கு அது முக்கியமே இல்லை. குக்கர் கேஸ்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஆவி ஏறினால்தானே அது இறுகிப் பிடிக்கிறது? ஹவுசிங் மூடியில் இருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமும் அப்படித்தான், ஆழம் போகப்போக வெளித் தண்ணீரே மூடியை உள்ளே அழுத்திக் கொடுக்கும். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நீங்கள் மிதக்கப்போகிற அரை மீட்டரில் அந்த உதவி கிடையாது, மேலே அலை வேறு பக்கவாட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். நான் ஒரு கேமராவைப் பறிகொடுத்தது ராமேஸ்வரம் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில்தான். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ரிங்குக்குக் குறுக்கே ஒரு தலைமுடி, என்னுடையதே. அவசரத்தில் மூடியது.

அதனால் வாங்கும்போது, உங்கள் மாடலுக்கென்றே செய்ததா, உதிரி ரிங் கிடைக்குமா, தாழ்ப்பாள் 'டக்'கென்று இறுகுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். அடுத்த மாடல் வந்தால் பட்டன் இடமே மாறிவிடும், 'எல்லாத்துக்கும் பொருந்தும் சார்' என்பதை நம்பாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் மிதவைப் பிடி ஒன்றும் வாங்குங்கள். ஆழத்தில் படம் நீலமாக விழாமல் இருக்க லென்ஸ் மேல் போடும் சிவப்பு ஃபில்டர் ஒன்றிரண்டு மீட்டருக்குத் தேவையில்லை, அந்தக் காசு மிச்சம்.

புது ஹவுசிங்கில் உடனே கேமராவைப் போடாதீர்கள். டிஷ்யூ பேப்பரை மடித்து உள்ளே வைத்து மூடி, வளவில் கிடக்கிற அண்டாவில் தண்ணீர் நிரப்பி, எடைக்கல்லைத் துணியில் சுற்றி மேலே வைத்து அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள். உள்ளேயே வைத்துப் பட்டன்களையும் நாலைந்து தடவை அமுக்குங்கள், குமிழி வரிசையாக ஏறினால் அங்கேதான் ஓட்டை. எடுத்து வெளிப்பக்கம் துடைத்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்பில் நிற்கிற சொட்டு டிஷ்யூவில் விழுந்து உங்களை ஏமாற்றும்.

ஒவ்வொரு முறை மூடுவதற்கு முன்பும் ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். நம்ம ஊர் முட்டைப்பூச்சுச் சுவரைத் தடவுகிற மாதிரி வழவழவென்று போக வேண்டும், ஒரு மணல் இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். துண்டால் துடைக்காதீர்கள், நூல் ஒட்டும், கண்ணாடி துடைக்கிற துணி நல்லது. கிரீஸ் விஷயத்தில் கையேடு சொல்வதுதான் சட்டம். சில ரிங்குக்குக் கிரீஸே கூடாது. வேண்டும் என்றால் அந்த நிறுவனம் கொடுப்பதை அரிசி அளவு தடவினால் போதும். தேங்காயெண்ணெய், வாசலின் எல்லாம் வேண்டாம். கொசு விரட்டும் கிரீம் தடவிய கையோடும் தொடாதீர்கள், அதில் இருக்கும் டீட் என்கிற ரசாயனம் சில பிளாஸ்டிக்கையே அரித்துவிடும்.

உள்ளே பனி படிவது தனித் தொல்லை. காலையில் ஏசி அறையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் செருகி மூடுங்கள். படகில் திறந்தால் கடல் ஈரக்காற்றையும் சேர்த்து மூடுகிறீர்கள் என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் உப்பு காய விடாதீர்கள். உப்புக் கல்லானால் பட்டன் ஓரத்து ரப்பரைத் தின்றுவிடும். மூடியபடியே நல்ல தண்ணீரில் அரைமணி ஊறப்போட்டுப் பட்டன்களை அமுக்கி உப்பை வெளியேற்றுங்கள். ஊருக்கு வந்ததும் இன்னொரு தடவை ஊறப்போடலாம், ஆனால் போர் தண்ணீரில் வேண்டாம், வெள்ளைப் படலம் விடும். குடிக்கிற தண்ணீரே எடுங்கள். அப்புறம் நிழலில் காய வையுங்கள், முற்றத்து வெயில் வற்றலுக்குத்தான் நல்லது.

மீறி உள்ளே தண்ணீர் போய்விட்டால் கேமராவை ஆன் செய்து பார்க்காதீர்கள், உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசி மூட்டையில் புதைக்கும் வேலையெல்லாம் உப்புத் தண்ணீருக்கு எடுபடாது, நேராக மெக்கானிக்தான்.

விமானத்தில் போகும்போது ஹவுசிங்கைத் தாழிடாமல் எடுத்துப்போங்கள். மேலே காற்றழுத்தம் குறைந்திருக்கும்போது மூடினால், இறங்கிய பிறகு திறக்க வராது. கேமரா பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள்.