விஸ்கி பீப்பாயில் ஊறவைத்த ஸ்டவுட், அதாவது வறுத்த தானியம் சேர்த்துச் செய்யும் கறுப்பு பீரின் சுவை எப்படி இருக்கும்? நம்மூர் ஸ்ட்ராங் பீர் மாதிரிதானா?

இல்லை, அதையும் இதையும் பீர் என்று சொல்வதே பேருக்குத்தான். நம்மூர் ஸ்ட்ராங் 8 சதவீத ஆல்கஹாலுக்குள் நின்றுவிடும். சிகாகோவிலிருந்து வந்த மச்சான் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த கூஸ் ஐலண்ட் பீர் ஆலையின் போர்பன் கவுண்டி ஸ்டவுட், 14-க்கு முன்னே பின்னே. அரை லிட்டர் பாட்டில். சாதாரண டாஸ்மாக் கடையில் இதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

"மாமா, ஃப்ரீசர்ல போட்டுடவா?" என்றான். கூடாது என்று தடுத்துவிட்டேன். ஜில்லென்று குடித்தால் வறுத்த தானியத்தின் கசப்பும் சாராய நெடியும் மட்டும்தான் நாக்கில் நிற்கும். இதற்கு 12, 13 டிகிரி போதும். சென்னை மே மாதத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்தாலே அந்தச் சூடு வந்துவிடும்.

ஊற்றியதும் பழுப்பு நுரை எழும்பி, சட்டென்று அடங்கிவிட்டது. முதல் மடக்கில் டார்க் சாக்லேட், பின்னாலேயே கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு இனிப்பு, விழுங்கிய பிறகு நெஞ்சில் இறங்கும் சூடு. கிளாஸ் வெதுவெதுப்பாக ஆக ஆகத்தான் வெனிலாவும் கொப்பரை வாசனையும் வெளியே வந்தன. இரண்டுமே பீப்பாய் தந்தவை. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் விலைக்கு வருகின்றன. அவற்றில் மாதக்கணக்கில் கிடக்கும் பீர், மரத்தின் வாசனையோடு மிச்ச விஸ்கியையும் உறிஞ்சிக்கொள்கிறது.

குறையும் உண்டு. பாதி கிளாஸுக்கு மேல் இனிப்பு திகட்டுகிறது. எனக்கு முதல் கால் கிளாஸ்தான் பிரமாதம், மீதி சும்மா பரவாயில்லை. ஒரே ஆள் ஒரு பாட்டிலை முடிப்பது வீண், நாலு பேர் பகிர்ந்தால் சரியாக இருக்கும்.

அப்புறம், சைட் டிஷ். சிக்கன் 65 வேண்டவே வேண்டாம், இவ்வளவு ஆல்கஹாலோடு சேர்ந்தால் காரம் இரட்டிப்பாக எரியும். உப்பு போட்டு வறுத்த வேர்க்கடலை போதும். மச்சான் கேட்காமல் 65-தான் வாங்கி வந்தான், தண்ணீர் பாட்டில்தான் முதலில் காலியானது.