மௌனப் படங்களில் நிலவும் எந்திர நகரமும்

கேள்வி: நூறாண்டுகளுக்கு முன் வந்த அறிவியல் புனைவு மௌனப் படங்களை இன்றும் பலர் தேடிப் பார்ப்பது ஏன்? வெறும் பழமை மோகமா?

பதில்: பழமை மோகம் மட்டுமே காரணம் என்றால் அக்காலத்துப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதே வரவேற்பு இருந்திருக்க வேண்டும், அப்படி இல்லை. என் பார்வையில், வசனம் இல்லாததே இப்படங்களின் பலம். ஓர் எந்திரம் எப்படி இயங்குகிறது, அந்த உலகத்தில் ஆள்பவர் யார், உழைப்பவர் யார் என்பதையெல்லாம் ஒரு பாத்திரத்தின் வாயால் விளக்கிவிடும் வசதி அன்றைய இயக்குநருக்குக் கிடையாது. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளும் சில வரிகளுக்கு மேல் தாங்கா. எனவே எல்லாவற்றையும் காட்சியாக்கியே தீரவேண்டியிருந்தது. எந்திரங்களால் இயங்கும் வருங்கால நகரம் ஒன்றைப் பற்றி ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ (1927) படத்தில் பணி மாறும் நேரத்தில் தொழிலாளர்கள் இரண்டு அணிகளாக எதிரெதிரே கடந்துபோகிறார்கள். வேலை முடித்துத் திரும்பும் அணி, உள்ளே செல்லும் அணியைவிட மெதுவாக நடக்கிறது. பத்து மணி நேரத்தை மட்டும் காட்டும் ஒரு கடிகாரமும் அங்கே இருக்கிறது. அந்த நகரத்தின் அரசியலைச் சொல்ல இதற்குமேல் எந்த உரையும் தேவைப்படவில்லை.

இன்னொரு காரணம், செய்த கை தெரிவது. 1902இல் ‘நிலவுக்கு ஒரு பயணம்’ எடுத்த ஜார்ஜ் மெலியே, பாரிஸில் மேடை மாயவித்தை நடத்தியவர். கேமராவை நிறுத்தி, நடிகரை அகற்றி, மீண்டும் ஓட்டினால் அவர் திரையில் மறைந்துவிடுவார் என்ற உத்தியைக் கொண்டு, குடையால் ஓர் அடி வாங்கியதும் நிலவுவாசிகள் புகையாகிப் போவதாகக் காட்டினார். உத்தி நமக்குத் தெரிந்தாலும் ரசனை குறைவதில்லை. ‘மெட்ரோபோலிஸ்’ படத்திலும் அப்படித்தான்: வெள்ளிப் பூச்சு ஓரிடத்தில் சுரண்டப்பட்ட கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் பிரதிபலிக்கும் சிறு மாதிரிக் கட்டடங்களுக்குள், சுரண்டிய இடத்தின் வழியே தெரியும் உண்மையான மனிதர்கள் நடமாடுவதுபோல் படம்பிடித்தார்கள்.

கேள்வி: அப்படங்களில் உள்ள அறிவியல் எந்த அளவுக்குச் சரியானது?

பதில்: பெரும்பாலும் தவறு. மெலியேவின் பயணிகள் பீரங்கியிலிருந்து சுடப்பட்டு நிலவை அடைகிறார்கள். அந்த அதிர்ச்சியில் எவரும் பிழைத்திருக்க முடியாது. லாங் 1929இல் எடுத்த ‘நிலவில் ஒரு பெண்’ படத்துக்கு ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபர்த் ஆலோசகராக இருந்ததால், பல அடுக்கு ராக்கெட்டும், ஏவுவதற்கு முன் எண்களைப் பின்னோக்கி எண்ணும் முறையும் அதில் இடம்பெற்றன. அதே படத்தில் நிலவில் சுவாசிக்கக் காற்றும் தோண்டத் தங்கமும் கிடைக்கின்றன! இப்படங்களைத் தீர்க்கதரிசனங்களாகப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: மெலியேவின் படம் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், கையால் வண்ணம் தீட்டப்பட்ட அதன் பிரதி சீரமைக்கப்பட்டு 2011இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அடுத்து ‘மெட்ரோபோலிஸ்’: 2008இல் புவேனஸ் ஐரிஸில் கிடைத்த நீண்ட பிரதியைக் கொண்டு 2010இல் வெளியான வடிவத்தையே பாருங்கள், புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் கீறல்கள் மிகுந்திருந்தாலும் கதை அதில்தான் கோவையாக இருக்கிறது. சோவியத் படமான ‘ஏலிட்டா’ (1924) பிறகு போதும். செவ்வாய்க் கிரகத்து உடைகளும் அரங்கங்களும் அபாரம், ஆனால் கதையின் பெரும்பகுதி மாஸ்கோவில்தான் நகர்கிறது. எதைப் பார்த்தாலும் ஓட்டவேகம் சரிசெய்யப்பட்ட பிரதியைத் தேர்ந்தெடுங்கள். மெதுவாகப் பதிவானதைப் பிற்கால வேகத்தில் ஓட்டும்போதுதான் மனிதர்கள் கோமாளிகளைப்போலத் துள்ளி ஓடுகிறார்கள்.