முயல் ஜோடி வாங்கி 8 மாதம் ஆகிறது, இணை சேரவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்வது?

மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டு, கிடாவைத் தூக்கிப் பெட்டையின் கூண்டில் விட்டால் பெட்டை பாய்ந்து கடிக்கிறது, இதுவரை ஒரு குட்டிகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. நானும் சென்னை கொருக்குப்பேட்டையில் இதே மாதிரி தகரத்துக்குக் கீழேதான் முயல் வளர்த்தேன். ஒன்றரை வருடம் ஒரு குட்டியும் இல்லை.

முதலில் கடிக்கும் விஷயம். பெட்டை முயலுக்குத் தன் கூண்டு சொந்த வீடு மாதிரி. கவனித்துப் பாருங்கள், தாடையின் அடிப்பக்கத்தைக் கம்பியிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் தேய்த்துக்கொண்டே இருக்கும். தன் வாசனையைப் பூசி வைக்கிறது. அங்கே இன்னொரு முயலை இறக்கினால் சண்டைதான். எப்போதும் பெட்டையைத்தான் கிடாவின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் புறா வளர்க்கும் பெரியவர். தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். "பொண்ணுதான் போவணும்பா, பையன் வந்தா அடி வாங்கிட்டுத்தான் போவான்" என்றார். அன்று மாலையே மாற்றிப் பார்த்தேன். கடி நின்றது, ஆனால் பெட்டை மூலையில் ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

அதற்குக் காரணம் நேரம். மாடு ஆடு மாதிரி முயலுக்கு இத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற பருவக் கணக்கு கிடையாது. இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியே வரும், அதுவும் 10 மணி நேரம் கழித்து. ஆனாலும் எல்லா நாளும் பெட்டை சம்மதிக்காது. காலையில் மடியில் மல்லாக்கப் பிடித்து, இரண்டு விரலால் பிறப்புறுப்பை லேசாக விரித்துப் பாருங்கள். வெளிறி, காய்ந்து இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நல்ல ரோஸ் நிறத்திலோ சிவப்பாகவோ, கொஞ்சம் உப்பி ஈரமாக இருந்தால் அன்றைக்குச் சேரும். நான் தினமும் காலை 6 மணிக்குப் பார்த்து காலண்டரில் வெள்ளை, ரோஸ், சிவப்பு என்று எழுதி வந்தேன். மூன்று வாரத்தில் என் பெட்டையின் போக்கு எனக்குப் புரிந்துவிட்டது.

இப்படிப் பார்க்கும்போதே இரண்டும் உண்மையில் ஆணும் பெண்ணும்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குட்டியாக வாங்கினால் கடைக்காரரே ஏமாந்துபோவது உண்டு. அழுத்திப் பார்த்தால் கிடாவுக்கு வட்டமான குழாய் போல நீட்டும், பெட்டைக்கு நீளவாக்கில் பிளவு தெரியும். மூன்று மாதத்துக்கு மேல் கிடாவின் விதைகளே வெளியே தெரியும். வயதும் முக்கியம். சின்ன ரகத்துக்கு 5, 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற பெரிய ரகங்களுக்கு 6 முதல் 8 மாதம்.

சம்மதித்த நாளில் பெட்டை பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். கிடா ஏறிச் சில நொடிகளில் ஒரு கீச்சுச் சத்தத்தோடு பக்கவாட்டில் சாய்ந்து விழும். முதல் முறை நான் அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். முறையாகச் சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை விடலாம். பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஒன்றாக விட்டால் காயம்தான் மிஞ்சும், தேதியும் தெரியாமல் போகும். பிடித்து வைத்துக் கட்டாயப்படுத்தச் சிலர் சொல்வார்கள், நான் செய்ததில்லை, செய்யவும் வேண்டாம். அதைவிட, ஒரு ராத்திரிக்கு இரண்டின் கூண்டையும் மாற்றி வையுங்கள். கிடாவின் வாசனையிலேயே பெட்டை தூங்கி எழட்டும், காலையில் கிடாவை அதன் சொந்தக் கூண்டுக்கே, பெட்டையிடம் திருப்பி விடுங்கள். என்னிடம் இது பலித்தது.

அதற்குப் பிறகும் எனக்குக் குட்டி வரவில்லை. இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆனது. அந்த ஜூன், ஜூலையில் என் முயல்கள் நான்கு முறை ஒழுங்காகச் சேர்ந்தன. சினை பிடிக்கவே இல்லை. பெட்டைக்குத்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பாதிப்பு கிடாவுக்கு. 30 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வெப்பத்தில் இருந்தால் கிடாவின் விந்து கெட்டுப்போகும். ஏறும், சாயும், எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் பலன் இருக்காது. புது விந்து உருவாகச் சுமார் இரண்டு மாதம் வேண்டும். அதாவது கத்திரி வெயிலில் பட்ட அடி ஆடி வரைக்கும் நிற்கும். நம் பக்கத்து மாடியில் மே மாதம் தகரத்தைக் கையால் தொட முடியாது. அதற்கு ஒரு முழம் கீழே அந்த ஜீவன், வியர்க்கவும் வழியில்லாமல், பெரும்பாலும் காது வழியாகவே சூட்டை வெளியே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கிடாவைக் கீழே கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்தேன். பகலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி உள்ளே வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அக்டோபரில் சேர்த்தபோது முதல் முறையிலேயே சினை பிடித்தது. சென்னையில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம், குட்டிகள் பிழைப்பதற்கும் அதுதான் நல்லது.

பெட்டை குண்டாக இருந்தாலும் சினை பிடிக்காது. எங்கள் அம்மா பாசத்தில் டீக்கடை பொறையை ஊட்டிக்கொண்டே இருந்தார். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை. பொறையை நிறுத்தி, தீவனத்தைக் குறைத்து, அருகம்புல்லையும் காய்ந்த புல்லையும் கூட்டினோம். பட்டினி மட்டும் போடாதீர்கள், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே முயலுக்கு உயிர் ஆபத்து. டிசம்பர் மாதிரி பகல் குறைவான நாட்களில் ராத்திரி 8, 9 மணி வரை ஒரு பல்பு எரியட்டும், பெட்டைக்குத் தினம் 14 மணி நேர வெளிச்சம் நல்லது.

காதில் சொறி, கால் பாதத்தில் புண் இருந்தால் வலியில் ஒத்துழைக்காது. அப்படி இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தை வீட்டில் இருக்கிறதே என்று தடவிவிடாதீர்கள், முயலுக்கு அது விஷம்.

சேர்ந்த 14ஆம் நாள் வயிற்றை மெதுவாகத் தடவினால் திராட்சை போல உருளும். சில சமயம் சினை இல்லாமலே 17, 18 நாளில் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும், அது பொய்ச் சினை. அது முடிந்த கையோடு நிறம் பார்த்துச் சேர்த்தால் பெரும்பாலும் பிடிக்கும். உண்மையான சினை என்றால் குட்டி போட 31 நாள் கணக்கு, 28ஆம் நாள் குட்டி போடுவதற்கான பெட்டியை வைத்துவிடுங்கள்.

இன்றைக்கே கிடாவைக் கீழே இறக்கி, தேதியைக் காலண்டரில் குறியுங்கள். இரண்டு மாதம் கழித்து, நிறம் சிவந்த ஒரு காலையில், பெட்டையை அதனிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.