அயர்லாந்துக்காரர்களைக் கூடவா?

கேள்வி: அமெரிக்காவில் ஆவணமின்றித் தங்கியிருக்கும் அயர்லாந்துக்காரர்களைக் கூடவா நாடு கடத்துகிறார்கள்? உலகமயத்தால் எல்லைகள் அழிந்துவிட்டதாக உங்கள் இதழிலேயே முன்பு படித்தேனே? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: அதை எழுதியவர் நான் அல்லேன், அப்போது பொருளாதாரப் பக்கங்களைக் கவனித்துவந்த நண்பர். நான் அன்றே மறுத்தேன், அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அது கிடக்கட்டும். என் கண்ணில் பட்டது உங்களுடைய ‘கூட’. இதை முன்சொல்லோடு ஒட்டுவதா, பிரிப்பதா என்று எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கும் எனக்கும் பல ஆண்டுகளாக வழக்கு: அவர் ஒட்டுவார், நான் பிரிப்பேன், அச்சில் மூன்றாவதாக ஏதோ ஒன்று வரும். ஒட்டினாலும் பிரித்தாலும், வெள்ளைத் தோலும் ஆங்கிலப் பேச்சும் அயர்லாந்து வழிவந்த அதிபர் கென்னடி போன்ற உறவுகளும் உடையவர்களை யார் தொடப்போகிறார்கள் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் சப்பணமிட்டு அமர்ந்திருக்கிறது. அயர்லாந்துக்காரர்களும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

எண்ணக் காரணமும் இருந்தது. 1990ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி மூன்றாண்டுகளில் வழங்கப்பட்ட 1,20,000 விசாக்களில் 40 சதவீதம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் வெளியேறினால் பத்தாண்டு திரும்ப முடியாது என்றது. விசா விலக்கில் 90 நாள் சுற்றுலாவுக்கு வந்து தங்கிவிட்டவரின் நிலை இன்னும் மோசம்: அடைக்கலம் கோருவதைத் தவிர, வெளியேற்றத்தை எதிர்த்து வாதாடும் உரிமையை அவர் வரும்போதே விட்டுக்கொடுத்துவிட்டார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஆவணம் இல்லாதவருக்கு உரிமம் இல்லை என்று பல மாநிலங்களில் ஆகி, ஓட்டுநர் உரிமமே குடியேற்றச் சோதனையாக மாறியது. நியூயார்க்கில் அயர்லாந்துக்காரர்கள் நிறைந்த, பிராங்க்ஸின் உட்லான் பகுதியில் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடியலில் கட்டட வேலைக்குக் கிளம்பும் தச்சருக்கு உரிமம் காலாவதியானால், பிழைப்பும் காலாவதியாயிற்று என்று பொருள். நியூயார்க் மாநிலம் 2019இல்தான் சட்டம் இயற்றி அந்தக் கதவை மீண்டும் திறந்தது. ஊரில் தாய் இறந்தால் அவர் போக முடியாது. போனால் திரும்ப முடியாது. பங்குக் கோயிலின் இணையக் கேமரா வழியே இறுதித் திருப்பலியைக் கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் அங்கே பலர்.

என் நண்பர் சொன்ன அழிந்த எல்லைக்கு வருகிறேன். அது அழியவில்லை, குடிபெயர்ந்துவிட்டது. டப்ளின், ஷானன் விமான நிலையங்களில் அமெரிக்க அதிகாரிகளே அமர்ந்து, விமானம் ஏறுமுன்பே கடவுச்சீட்டைப் பார்த்துவிடுகிறார்கள். எதிர்த்திசையில் வரும் பணத்தை யாரும் இப்படி நிறுத்தவில்லை. ஆப்பிள் நிறுவனம் 1980இலேயே கார்க் நகருக்கு வந்துவிட்டது. அதனிடம் 1,300 கோடி யூரோ வரியை வசூலித்துக்கொள் என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் உத்தரவிட, வேண்டாம் என்று வழக்காடிய அரசு அயர்லாந்து அரசு. வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என 2024இல் தீர்ப்பாயிற்று. கடன் வாங்கியவர் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம், கடன் கொடுத்தவர் ஓடியது அங்கேதான். இத்தகைய அந்நிய முதலீட்டால் அயர்லாந்து செழித்த தொண்ணூறுகளில் பலர் ஊர் திரும்பினார்கள். 2008இல் பொருளாதாரம் சரிந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் மூட்டை கட்டினார்கள்.

பிரிட்டனில் இருந்த அயர்லாந்துக்காரர்களிடம் கேட்டால் உங்கள் ‘கூட’வைக் கண்டு சிரிப்பார்கள். அயர்லாந்து ஆயுதக் குழுவின் வேலை எனக் கருதப்பட்ட 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்புக்குப் பின் ஒரே வாரத்தில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றச்சாட்டின்றி ஏழு நாள்வரை காவலில் வைக்க அனுமதித்தது. பேருந்தில் வாயைத் திறந்தாலே உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று குரலைத் தாழ்த்திப் பேசிய தலைமுறை அது. அந்தக் குண்டுவெடிப்பு வழக்கில், செய்யாத குற்றத்துக்காக ஆறு பேர் பதினாறு ஆண்டு சிறையிலிருந்து 1991இல் வெளிவந்தார்கள். அதே நாட்டில், ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகும் 2016 பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பிறகு, அயர்லாந்தில் பிறந்த பாட்டி யாருக்கேனும் உண்டா என்று பரணில் தேடத் தொடங்கினார்கள்; அந்தக் கடவுச்சீட்டுக்குப் பாட்டி ஒருத்தி போதும்.

அமெரிக்காவில் உள்ள அயர்லாந்துக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. 2006இல் வாஷிங்டனில் திரண்டபோது, ‘அயர்லாந்துக்காரர்களைச் சட்டபூர்வமாக்குங்கள்’ என்ற பொருள்பட எழுதிய சட்டைகளை அணிந்திருந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த அதே கட்டடங்களில் சுவர் பூசிய மெக்சிகோக்காரருக்கு அந்தச் சட்டையில் இடமில்லை. ‘கூட’ என்பதற்கு ‘உடன்’ என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருளில் அங்கே அது எழுதப்படவே இல்லை.

உங்கள் கேள்விக்கு விடை: ஆம், அவர்களைக்கூட. இந்த ஒரு முறை ஒட்டியே எழுதியிருக்கிறேன். மெய்ப்புத் திருத்துநர் பிரிக்காமலிருந்தால் சரி.