தந்தையின் கண், காது பரிசோதனை அறிக்கையை அவருக்குப் புரியும் தமிழில் எப்படிச் சொல்வது?

எழுபதைக் கடந்த உங்கள் தந்தையின் அறிக்கையில் இரு கண்களிலும் கண்புரை, வலது கண்ணில் கிளாக்கோமா, இடது செவிப்பறையில் துளை, இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு, அவ்வப்போது தலைச்சுற்றல் என்று குறித்திருக்கிறார்கள் என்றும், இவற்றுக்குச் சரியான தமிழ்ச் சொற்கள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். நோயாளிகளுக்கான விளக்கத் தாள்களையும் அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவங்களையும் தமிழில் எழுதுவது 12 ஆண்டுகளாக என் தொழில். அகராதியில் சரியாக இருக்கும் சொல், கேட்பவர் மனத்தில் வேறொன்றாகப் பதிந்துவிடக்கூடும் என்பதை இந்த ஆண்டுகளில் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே சொற்களைத் தருவதோடு, ஒவ்வொன்றும் எங்கே இடறும் என்பதையும் சொல்கிறேன்.

கிளாக்கோமாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் குடும்பத்திலேயே இந்தச் சொல் இடறியது. என் அத்தையிடம் மருத்துவமனையில் "கண்ணுல பிரஷர் இருக்கும்மா, சொட்டு மருந்தை நிறுத்தாம விடணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஊருக்கு வந்த அத்தை, மருந்துக்கடையில் கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். 130/80 என்று வந்தது. "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு" என்று சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இடப்பக்கம் வைத்திருந்த காபி டம்ளரைக் கையால் தட்டிக் கவிழ்த்து, "இங்கே எப்போ வெச்சே?" என்று அவர் கேட்டபோதுதான், பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது எங்களுக்குத் தெரிந்தது. போன பார்வை திரும்பவில்லை.

கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் வேறு, இரத்த அழுத்தம் வேறு. கண்ணுக்குள் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருப்பதை இயல்பு என்கிறார்கள், கையில் அளக்கும் 120/80க்கும் அதற்கும் தொடர்பில்லை. 'கண் அழுத்த நோய்' என்ற சொல் பிழையானதன்று. ஆனால் அழுத்தம் என்றாலே பி.பி. என்று கேட்கப் பழகிய காதுக்கு அது போதாது. உங்கள் தந்தை வயல் வேலை அறிந்தவரானால், கண்ணுக்குள் எப்போதும் நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது என்றும், வடிகால் அடைபட்டதால் நீர் தேங்கிப் பார்வை நரம்பை நசுக்குகிறது என்றும், சொட்டு மருந்து அந்த நீரைக் குறைக்கவோ வடியவைக்கவோ செய்கிறது என்றும் சொல்லுங்கள். அழுத்தம் இயல்பாக உள்ளவர்களுக்கும் கிளாக்கோமா வருவதுண்டு என்பதால், அளவு குறைந்துவிட்டதே என்று அவராக மருந்தை நிறுத்தக் கூடாது என்பதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் 'கண்வலி'. தமிழ்நாட்டில் கண்வலி என்றால் கண் சிவந்து, பீளை தள்ளி, வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் மெட்ராஸ் ஐ என்றே பொருள் கொள்கிறார்கள். கிளாக்கோமாவின் ஒரு வகையில் வடிகால் திடீரென முழுவதும் அடைபட்டு, கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிந்து, வாந்தியும் வரும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. வீட்டில் "கண்வலிதானே, நாலு நாளில் சரியாகிவிடும்" என்று இருந்துவிட்டால் பார்வை போய்விடும். ஆகவே அவர் கண் வலிக்கிறது என்று சொல்லும்போது, உறுத்துகிறதா, குத்துகிறதா, தலையோடு சேர்ந்து தெறிக்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள்.

கண்புரை நல்ல சொல். புரை என்றால் குற்றம் என்றும் பொருளுண்டு, 'புரைதீர்ந்த நன்மை' என்று குறளில் படித்திருப்பீர்கள். ஊர்ப்பக்கம் 'பொறை விழுந்திருக்கிறது' என்பார்கள். தெளிவாக இருக்க வேண்டிய விழி லென்ஸ் மங்கிப்போவதுதான் இது. ஆனால் 'கண்ணில் பூ விழுந்திருக்கிறது', 'கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது' ஆகியவற்றையும் பலர் இதோடு கலந்து பேசுகிறார்கள். பூ என்பது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தில் புண்ணோ காயமோ ஆறிய இடத்தில் நிற்கும் வெள்ளைத் தழும்பு; சதை என்பது வெள்ளை விழியிலிருந்து கறுப்பு விழியை நோக்கிப் படரும் மெல்லிய திசு. லென்ஸை மாற்றுவதால் பூ போகாது. இந்த வேறுபாடு தெரியாமல், அறுவை சிகிச்சை செய்த பிறகும் வெள்ளை தெரிகிறதே என்று மனம் உடைந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'புரை முற்றட்டும்' என்ற வழக்கையும் கவனியுங்கள். தேங்காய் முற்றுவதுபோல் புரையும் முற்றினால்தான் எடுக்க முடியும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. 1949இல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அதன் பின் வந்த முறைகளால், அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகும்போதே சிகிச்சை செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்திருக்கிறது. முற்றவிட்டால் லென்ஸ் இறுகி அறுவை கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும். கிளாக்கோமாவும் உள்ள உங்கள் தந்தைக்கு இது முக்கியம் என்பதால், எப்போது செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் இன்னும் மனநிறைவோடு எழுத முடியாத சொல் ஒன்று உண்டு. கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவை நம் செய்தித்தாள்கள் 'கருவிழி' என்கின்றன. அது நிறமற்றது, கறுப்பாகத் தெரிவது அதன் பின்னால் உள்ள நிற வளையமான ஐரிஸும், அதன் நடுவிலுள்ள துளையான பாவையும்தான். 'கருவிழி மாற்று' என்று படித்த ஓர் அம்மா, மகளின் கண் வேறு நிறமாகிவிடுமோ என்று என்னிடம் கேட்டார். 'விழிவெண்படலம்' என்றும் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் படிப்பவர் வெள்ளை விழியை நினைக்கிறார். நான் படிவங்களில் 'கண்ணின் முன்புறத் தெளிபடலம்' என்று எழுதி, அருகில் கார்னியா என்றும் குறிப்பிடுகிறேன். ஈழத்துப் பாடநூல்களில் ஐரிஸுக்குக் 'கதிராளி' என்ற அழகிய சொல் வழங்குகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழ் வழியில் மருத்துவம் கற்பித்து, அறுவை மருத்துவ நூலை 'இரண வைத்தியம்' என்று தமிழாக்கி அச்சிட்டார் என்பதால், தமிழில் மருத்துவம் சொல்லவே முடியாது என்பாரோடு நான் உடன்படுவதில்லை.

அறிக்கையின் குறியீடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண், ஓ.யூ. என்றால் இரு கண்களும். 6/18 என்றால், இயல்பான பார்வை உள்ளவர் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது. கிட்டப்பார்வை என்பது கிட்டத்தில் தெரியும், தூரத்தில் மங்கும் என்ற நிலை. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

காதுக்கு வந்தால், 'செவிப்பறை' போலப் பொருந்திய சொல் அரிது. பறையின் தோல் கிழிந்தால் ஒலி என்னாகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேச்சு வழக்கில் 'காது ஜவ்வில் ஓட்டை' என்பார்கள், அதுவும் சரியே. ஆனால் அந்த ஓட்டை வழியே தண்ணீரும் எண்ணெயும் நடுச்செவிக்குள் போய்ச் சீழ் பிடிக்கும் என்பதைச் சொல்லாவிட்டால் சொல்லால் பயனில்லை. காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். குளிக்கும்போது காதில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் திறன் குறைவை 'காது நரம்பு பலவீனம்' என்று சொன்னால், கேட்பவர் நரம்புத் தளர்ச்சி என்று எண்ணிச் சத்து மாத்திரை வாங்கப் போய்விடுகிறார். முதுமையில் பெரும்பாலும் கெடுவது நரம்பன்று. நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவிக்குள் இருக்கும் நுண்மயிர் அணுக்கள். அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மெல்லிய உயர் ஒலிகள் போவதால், ச, ஸ போன்ற ஒலிகள் தேய்ந்து, 'சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை' என்பார்கள். உங்கள் தந்தையும் அப்படிச் சொன்னால், கத்திப் பேசாமல் முகம் பார்த்து நிறுத்திப் பேசுங்கள். காதொலிக் கருவியை ஒத்திப்போடாதீர்கள்.

தலைச்சுற்றலை அவர் 'மயக்கம்' என்று சொல்கிறாரா என்று கேளுங்கள். அறை சுழல்வதும், கண் இருட்டிக்கொண்டு வருவதும், நடை தள்ளாடுவதும் தமிழில் ஒரே மயக்கமாகிவிடுகின்றன. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் அறை சுழன்றால், உட்செவியின் அரைவட்டக் குழல்களுக்குள் நுண்ணிய சுண்ணத் துகள்கள் புகுந்திருக்கலாம். மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பியே அதைச் சரிசெய்வார். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவருடைய சொற்களை மாற்றாமல் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. கண்ணுக்கும் காதுக்கும் சொட்டு மருந்து தந்திருந்தால் இரு புட்டிகளும் ஒரே அளவில் இருக்கும், அவருக்கோ எழுத்து மங்கலாகத் தெரியும். காதுக்கான மருந்தைக் கண்ணில் விட்டால் கண் எரிந்து புண்ணாகலாம். வெள்ளைப் பட்டையில் 'கண்', 'காது' என்று எழுதி ஒட்டினால் இரண்டும் க வரிசையிலேயே தொடங்குவதால் அவசரத்தில் ஒன்றுபோல் தெரிகின்றன. நான் அத்தையின் புட்டியில் கறுப்பு மையால் ஒரு கண்ணை வரைந்து, காது மருந்துப் புட்டியின் கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டி, அதை வேறு அறையில் வைத்திருக்கிறேன்.